எங்கள் கிரைண்டர் கடையின் இணையதளத்தில் முகவரி இல்லை

மும்பை மாட்டுங்காவில் எங்களுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. வெட் கிரைண்டர், மிக்ஸி பழுது பார்க்கும் கடை. அப்பா 1981இல் கோயம்புத்தூரிலிருந்து வந்து தொடங்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். அதில் பாதியைக் குழவிக் கற்களும் டிரம்களும் பிடித்துக்கொண்டிருக்கும். கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது, கெபாசிட்டர் போடுவது என்று நாள் ஓடும். நாற்பது வருடங்களில் விளம்பரம் என்று ஒன்றைச் செய்ததில்லை. மாட்டுங்கா, சயான், வடாலா, செம்பூர் பக்கத்துத் தமிழ், மலையாளக் குடும்பங்களில் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த மாடி முழுவதும் கூப்பிடும். கொரோனாவுக்குப் பிறகு அது நின்றுபோனது. பழைய கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்காக இடிபட்டன. வாடிக்கையாளர்கள் முலுண்டுக்கும் தாணேவுக்கும் கார்கருக்கும் குடிபோனார்கள். "ஒரு இணையதளம் போட்டால் என்ன?" என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் போட்டேன். அடுத்த பதினான்கு மாதங்கள் பட்ட பாட்டை யாரிடமாவது முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இணையதளம் செய்து தர ஒருவர் அறிமுகமானார். பெயர் வேண்டாம், இன்றும் இதே ஊரில் தொழில் செய்துகொண்டிருக்கிறார். 32,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். என்னிடம் அவர் கேட்டது விசிட்டிங் கார்டும் இரண்டு படங்களும் மட்டும். கேட்காமலேயே நான் ஒன்று கொடுத்தேன்: ஒரு முழுப் பக்கக் கட்டுரை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த ஊர்ப் பட்டறைகளின் பெருமை, அப்பா ரயிலேறி வந்த கதை என்று மனைவி தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது. அதைத்தான் முகப்பில் போட வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஆகவே எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டினால் பாவம்.

பதினைந்து நாளில் தளம் தயாரானது. திறந்தவுடன் ஏதோ வெளிநாட்டுச் சமையலறை மெல்ல நகர்ந்து போகும். அடுத்து மஞ்சள் தலைக்கவசம் போட்ட நாலு பேர் சிரிப்பார்கள், கீழே 'எங்கள் குழு' என்று இருக்கும். எங்கள் குழு என்பது நானும், பதினெட்டு வருடமாக எங்களோடு இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரும்தான். அவர் தலையில் துண்டு இருக்கும், கவசம் இருந்ததில்லை. ஆனாலும் அன்று எனக்கு மயக்கமாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். 3,800 ரூபாய்க்கு இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்து, பழுது பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிரைண்டரின் பக்கவாட்டிலும் இணைய முகவரியை ஒட்டினேன். இந்த ஸ்டிக்கர்கள் பின்னால் என்னை அழவைத்தன.

முதல் அடி அக்டோபரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போரிவிலியிலிருந்து ஒருவர் போனில் கத்தினார். அவரும் மனைவியும் டேபிள் டாப் கிரைண்டரைப் பழைய போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறார்கள். எங்கள் தளத்தில் இருந்தது 'மாட்டுங்கா, மும்பை' என்ற இரண்டே சொற்கள். அவர்கள் மேற்கு ரயில் பாதைக்காரர்கள்; இறங்கியது மாட்டுங்கா ரோடு நிலையத்தில். எங்கள் கடையோ மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்துக்குக் கிழக்கே. இந்த ஊரில் மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு, கொஞ்சம் தள்ளி ஹார்பர் பாதையில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று நிலையங்கள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. பிறந்ததிலிருந்து இங்கே இருக்கும் எனக்கு அது குழப்பமாகவே தோன்றியதில்லை, அதனால் எழுதவும் தோன்றவில்லை. போன் செய்து கேட்கலாம் என்று பார்த்தால் எங்கள் நம்பர் ஒரு படத்துக்குள் பொடி எழுத்தில் இருந்தது. தொட்டால் அழைப்பு போகாது. கண்ணாடி இல்லாமல் படித்து 3ஐ 8 என்று அழுத்தியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் அலைந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். "பன்னிரண்டு கிலோ கல்லைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம், நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வீட்டுக்கே போய்ச் சரிசெய்து தருகிறேன் என்று மறுநாள் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆகவே முகவரியை, அந்த ஊரில் முதல்முறையாகக் கால் வைப்பவருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள். கடை எண், கட்டடத்தின் பெயர், தெரு, எந்த ரயில் பாதை, எந்த நிலையம், கிழக்கா மேற்கா, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் எது, பின்கோடு என்ன. நாங்கள் இப்போது '2017 முதல் முழுக்கப் பெண்களே பணியாற்றும் மாட்டுங்கா நிலையம், மத்திய ரயில்வே' என்று எழுதியிருக்கிறோம். யாரைக் கேட்டாலும் அதைச் சரியாகக் காட்டிவிடுகிறார்கள். டாக்சி எங்கே நிற்க முடியும் என்பதைக்கூட எழுதலாம், கனமான பொருளைத் தூக்கி வருபவர்களுக்கு அது பெரிய உதவி. போன் நம்பர் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் எழுத்தாக இருக்க வேண்டும். விரல் பட்டதும் அழைப்பு போக வேண்டும். தளம் தயாரானதும் உங்கள் வீட்டில் வயதான ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து "நம் கடைக்குக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். என் அம்மா மூன்று நிமிடம் தடுமாறினார்.

இரண்டாவது அடி விரார். தளத்தில் 'மும்பை முழுவதும் சேவை' என்று போட்டிருந்தது. டிசம்பரில் ஒரு அம்மா விராரிலிருந்து கூப்பிட்டார். மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை என்றார். கெபாசிட்டராக இருக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு தாதரில் வண்டி மாறிப் போனேன். போய்ப் பார்த்தால் பெல்ட் கழன்றிருந்தது, ஐந்து நிமிட வேலை. வந்து போகும் கூலியாக 350 ரூபாய் கேட்டேன். "அப்படி ஒன்று இருப்பதாக எங்கும் எழுதவில்லையே? பெல்ட்டை மாட்டியதற்கு 350ஆ?" என்று நூறு ரூபாயை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திரும்பும் ரயிலில் யோசித்தபோது அவர் கேட்டதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அரை நாள் போனது, கடையில் காத்திருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

விலையை எழுத எல்லாரும் தயங்குகிறோம். பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவானே என்கிற பயம் எனக்கும் இருந்தது. பார்க்கட்டும். அவன் விலை எனக்கு ஏற்கெனவே தெரியும், என் விலை அவனுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். இப்போது வந்து பார்க்கும் கூலி எவ்வளவு, அது பழுதுக் கூலியில் கழியுமா, கல் கொத்த எவ்வளவு, பெல்ட் மாற்ற எவ்வளவு, காயில் கட்ட எதிலிருந்து எதுவரை ஆகும் என்று எல்லாம் எழுதியிருக்கிறோம். உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் 'பிரித்துப் பார்த்த பிறகு போனில் சொல்லி, சம்மதம் வாங்கிய பின்பே வேலை தொடங்குவோம்' என்று ஒரு வரி. அதேபோல் போகும் இடங்களின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன: செவ்வாய் தாணே, முலுண்ட், வியாழன் செம்பூர், நெரூல், கார்கர், மற்ற நாள்களில் கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். விராருக்கு வருவதில்லை என்பதையும் எழுதியிருக்கிறோம். வராத இடத்தை எழுதினால் ஆள் குறைவார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். குறைந்தது வீண் அழைப்புகள்தான்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம், பத்து நாள் கடை பூட்டு. இணையதளத்தில் '24 மணி நேரமும், 7 நாளும்'. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டபோது, எல்லாத் தளங்களுக்கும் போடுவதுதான் என்றார் செய்து கொடுத்தவர். டோம்பிவிலியிலிருந்து ஒரு குடும்பம் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. திறக்கும் நேரம், வார விடுமுறை, பண்டிகை விடுமுறை மூன்றையும் எழுதுங்கள், மாறும்போது மாற்றுங்கள். எங்களுக்கு மழைக்காலமும் உண்டு. காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்கும் நாளில் 'இன்று வர வேண்டாம்' என்று முகப்பில் ஒரு வரி போடுகிறோம்.

இனிச் சொல்லப்போவதுதான் மனசை அறுத்தது. தளத்தில் ஒரு படிவம் இருந்தது: பெயர், கைபேசி எண், என்ன பழுது. ஏழு மாதத்தில் அதில் ஒருவர்கூட எழுதவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "மாமா, நான் இதில் எழுதிப் பார்த்தேனே, உங்களுக்கு ஏன் வரவில்லை?" என்றாள். தோண்டிப் பார்த்தால், படிவத்தில் எழுதுவதெல்லாம் தளத்தைச் செய்தவர் சோதனைக்காகத் திறந்த ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் திறப்பதே இல்லை. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கித் திறந்தோம். 41 கடிதங்கள். அக்கா மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தீபாவளிக்கு முன் வந்தவை மட்டும் பதினாறு. அதில் மூன்றை ஒரே ஆள் எழுதியிருந்தார். சயானிலிருந்து தாணே போன ஒரு பாலக்காட்டு மாமி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பாவோடு அவர்கள் வீட்டுக்குக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போவேன், மோர் கொடுப்பார். முதல் கடிதத்தில் நலம் விசாரித்து, கல் தேய்ந்துவிட்டது, கொத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் 'வேலை அதிகம் போலிருக்கிறது, மெதுவாக வாருங்கள்' என்று. மூன்றாவதில் ஒரே வரி: 'வேறு வாங்கிவிட்டோம், சிரமப்பட வேண்டாம்.' அன்று சாப்பாடு இறங்கவில்லை. மாமியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அப்பா இருந்தால் வந்திருப்பார் என்று நினைத்தேன்" என்றார், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பணத்தில் பார்த்தால் அந்தக் கடிதங்களில் பாதி வேலையாகியிருந்தாலும் பத்தாயிரத்துக்கு மேல். அந்தக் கணக்கைப் போட்டேன், அது பெரிதாகப் படவில்லை.

படிவம் வைத்தால் அது எங்கே போகிறது என்று முதல் நாளே நீங்களே எழுதிச் சோதியுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. 'எத்தனை நேரத்துக்குள் பதில் வரும், வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்' என்று படிவத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால் எங்களைப் போன்ற கடைக்குப் படிவமே வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று போதும்; பழுதான பாகத்தைப் படமெடுத்தே அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கோபத்தில் செய்த ஒரு காரியம்தான் உருப்படியானது. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, கூப்பிடுபவர் கேட்கும் முதல் கேள்வியைப் பதினான்கு நாள் அப்படியே எழுதினேன். மொத்தம் 83 அழைப்புகள். 'எவ்வளவு ஆகும்' 31 பேர். 'எங்கள் பகுதிக்கு வருவீர்களா' 22. 'இந்தப் பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்குமா' 11. 'எத்தனை நாளில் தருவீர்கள்' 9. 'நாங்கள் கொண்டுவர வேண்டுமா' 6. தப்பான எண் 2. மீதி இரண்டு பேர் 'அப்பா இருக்கிறாரா' என்று கேட்டார்கள். புவிசார் குறியீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 32,000 ரூபாய் தளத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை. நீங்கள் இட்லி மாவு விற்கலாம், தையல் கடை வைத்திருக்கலாம், பாட்டுச் சொல்லித் தரலாம். யாருக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு வாரத்தை ஒதுக்குங்கள். நோட்டில் அதிகமாக வரும் கேள்விக்கான பதில் தளத்தின் உச்சியில் வர வேண்டும்.

அப்பாவைப் பற்றிக் கேட்ட அந்த இருவரை மறக்கவில்லை. அதனால் 'எங்களைப் பற்றி' பக்கத்தை எடுக்கவில்லை, சுருக்கினேன். அப்பா தொடங்கிய ஆண்டு, அவர் 2019இல் காலமானது, இப்போது நடத்துவது மகன், வீட்டுக்கு வருவது யார் யார் என்று நாலே வரி. பக்கத்தில் என் படமும், தலைத் துண்டோடு அண்ணாச்சியின் படமும். பகலில் தனியாக இருக்கும் பெண்கள் கதவைத் திறப்பதற்கு முன்னால் வருபவரின் முகத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பழைய தளத்தில் இந்த மாற்றங்களைக் கேட்டபோது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1,500 ரூபாய் என்றார். மூன்று மாற்றத்துக்குக் கொடுத்தேன். இதற்கிடையில் மே மாதம் ஒரு தகராறு. நாங்கள் காயில் கட்டிக் கொடுத்த மோட்டார் எட்டு மாதத்தில் மறுபடி எரிந்துவிட்டது. சின்னக் கிரைண்டரில் ஹோட்டல் அளவுக்கு உளுந்து போட்டு ஓட்டியிருக்கிறார்கள், வாசனையிலேயே தெரிந்தது. ஆனால் அவர் எங்கள் தளத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 'அனைத்து வேலைகளுக்கும் வாழ்நாள் உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதைப் படித்ததே இல்லை. 2,400 ரூபாய் வேலையை இலவசமாகச் செய்து கொடுத்தேன். வேறு வழியில்லை, என் பெயரில் வெளியான வாக்கு அது. உங்கள் தளத்தின் ஒவ்வொரு வரியையும், சின்ன எழுத்து உட்பட, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். உத்தரவாதம் எதற்கு, எத்தனை மாதம், எப்போது செல்லாது என்பதைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எங்களுடையது இப்போது இப்படி இருக்கிறது: காயிலுக்கு ஆறு மாதம், பெல்ட்டுக்கு மூன்று மாதம், கிரைண்டரின் கொள்ளளவுக்கு மேல் அரைத்திருந்தால் கிடையாது.

ஆகஸ்டில் ஓராண்டு முடிந்தது. தளம் திடீரென்று மறைந்தது. அந்த முகவரியில் யாரோ ஒருவரின் விளம்பரங்கள் வந்தன. டொமைன் என்கிற அந்தப் பெயர், செய்து கொடுத்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும்தான் பதிவாகியிருந்தது. புதுப்பிக்க நினைவூட்டல்கள் அவருக்குப் போயிருக்கின்றன. அவரோ போனை எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தபோது, மீட்டுத் தர 15,000 ஆகும் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அறுநூறு வீடுகளின் சமையலறையில், கிரைண்டரின் பக்கவாட்டில், எங்கள் செலவில் ஒட்டிய ஸ்டிக்கரில், இனி எங்களுடையதல்லாத முகவரி! மீதி ஆயிரத்து நானூறு ஸ்டிக்கரையும் அண்ணாச்சி பழைய பேப்பர்காரனிடம் போட்டார். எல்லாம் சேர்த்து நேரடியாகக் கைவிட்டுப் போனது 42,700 ரூபாய். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் வாங்குங்கள். கணக்கின் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே, மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

புதிய தளத்தை அக்டோபரில் அக்கா மகளே செய்தாள். டொமைனுக்கும் தளத்தை வைக்கும் இணைய இடத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு நாலாயிரத்துக்குள் முடிகிறது. ஒரே பக்கம்தான். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் அதே ஐந்து பதில்கள். நகரும் படம் கிடையாது. தாணே தாண்டி ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போதும் திறக்கிறது. கடையின் முன்பக்கப் படத்தைப் போட்டோம், ஒரே மாதத்தில் அதுவும் பழையதாகிவிட்டது. கடைகள் மராத்தியில் பெயர்ப்பலகை வைக்க உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் கொடுத்த இரண்டு மாத அவகாசம் முடியும் சமயம் பலகையை மாற்றினோம். தளத்தில் பழைய பலகை, தெருவில் தேவநாகரியில் பெரிதாகப் புதுப் பலகை. ஒருவர் கடையைத் தாண்டிப் போய்விட்டு எதிர்க்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார். கடை மாறினால் அன்றே படத்தை மாற்றுங்கள். கூகுள் வரைபடத்தில் இலவசமாகக் கடையைச் சேர்க்கலாம். அங்கும் பலகையிலும் ரசீதிலும் தளத்திலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். வேலை செய்த வீடுகளில் படம் எடுத்துப் போடும் ஆசை வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். பின்னணியில் இருந்த காலண்டரில் மருத்துவமனைத் தேதியெல்லாம் எழுதியிருந்ததைக் கவனிக்காமல் ஒரு படத்தைப் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2024இல் பெல்ட், கெபாசிட்டர், மாவு வழிக்கும் ஸ்கிரேப்பர் ஆகியவற்றைத் தளத்திலேயே விற்கலாம் என்று துணிந்தோம். பணம் வாங்கும் சேவைக்கு விண்ணப்பித்தால் முதலில் நிராகரித்துவிட்டார்கள். தளத்தில் முழு முகவரி, விலை, அனுப்பும் முறை, ரத்து செய்வது, பணம் திருப்பித் தருவது, வாடிக்கையாளரின் விவரங்களை என்ன செய்வோம் என்பது, பொது நிபந்தனைகள், இவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்றார்கள். அலுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் ஆடிட்டர் விளக்கினார். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி தொழிலின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்க்கும் அலுவலரின் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விலையைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஒரே தொகையாகக் காட்டி, அதன் பிரிவையும் சொல்ல வேண்டும். பொட்டலமிட்டு விற்கும் பொருள் என்றால் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச விலை, எந்த நாட்டில் செய்தது என்பதும் தேவை. எங்கள் குறைதீர்க்கும் அலுவலர் என் மனைவி. முதல் புகார் என்னைப் பற்றியது என்றும், அது இருபது வருடமாக நிலுவையில் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஆடிட்டர் காப்பாற்றிய இன்னொரு இடம் 'இந்தியா முழுவதும் அனுப்புவோம்' என்கிற வரி. எங்களைப் போல வேலையும் பொருளும் கலந்து செய்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு உதவாது, ஒரே ஒரு பெல்ட் என்றாலும் பதிவு வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த முதல் ஆர்டரைத் திருப்பிவிட்டு, 'மகாராஷ்டிரத்துக்குள் மட்டும்' என்று மாற்றி எழுதினோம். உணவுப் பொருள் விற்பவர்கள் இதோடு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணையும் போட வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் பொடி அரைத்து விற்கும் அக்கா அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறார், தளத்தில் போட மறந்துவிட்டார்.

நம்பரை வெளியே போட்டால் வேண்டாதவர்களும் கூப்பிடுவார்கள் என்பதற்குத் தயாராக இருங்கள். முதல் வாரத்திலேயே சிறு தொழில்களுக்கான 'உத்யம்' சான்றிதழுக்கு 2,999 ரூபாய் என்று ஒருவர் கூப்பிட்டார்; அரசுத் தளத்தில் அந்தப் பதிவு முழுக்க இலவசம். இன்னொருவர் ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பத்துக் கிரைண்டருக்குக் கல் கொத்த வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைப் (PIN) போடுங்கள் என்றார். விரலை வைக்கப் போன நேரத்தில் மனைவி போனைப் பிடுங்கினார். நமக்குப் பணம் வருவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது நம் பணம் போகும் வழி. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள். கடைக்கென்று தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள், வங்கியோடு இணைந்த எண்ணைத் தளத்தில் போடாதீர்கள்.

நோட்டுப் புத்தகம் இன்னும் போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 'எவ்வளவு ஆகும்' என்பது இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். போன வாரம் புதிதாக ஒரு கேள்வி வந்தது: "நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, வருவீர்களா?" வருவோம், கூலி அதேதான் என்று எழுதச் சொன்னேன். அண்ணாச்சி தன் முழங்காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். 'கிரைண்டரைக் கீழே இறக்க வீட்டில் ஒருவர் கைகொடுக்க வேண்டும்' என்று அவர் சொன்ன வரியையும் சேர்த்துத் தளத்தில் போட்டிருக்கிறோம்.